மெட்டு எங்கே போயிற்று? - வாசகர் கேள்வி பதில்

கடந்த மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அரங்கில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த செல்லோ கலைஞர் ஒருவர் இன்றைய மேற்கத்தியச் செவ்விசை குறித்து உரையாற்றினார். பல்கலைக்கழகத்தில் இசையியல் கற்பிக்கும் ஆய்வாளருமான அவர், பேச்சுக்கு இடையிடையே வாசித்தும் காட்டினார். அந்நிகழ்ச்சி பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்கள் குவிந்துவிட்டன. பாராட்டியவர்களைவிடக் கோபித்துக்கொண்டவர்களே மிகுதி என்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வயலினைப் பெரிதாக்கித் தரையில் ஊன்றி வைத்தால் அதுதான் செல்லோவா? இரண்டுக்கும் வேறு வேறுபாடு உண்டா?
(வாசகர், களக்காடு)

பதில்: குடும்பம் ஒன்றுதான். செல்லோவின் நான்கு தந்திகளும், வயலினைப் போலவே, ஒன்றுக்கொன்று ச-ப உறவில் சுருதி சேர்க்கப்படுகின்றன. ஆனால் ஒலி பிறக்கும் இடம் வேறு. செல்லோவின் அடித்தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 65 முறையும், மேல்தந்தி 220 முறையும் அதிர்கின்றன. வயலினின் அடித்தந்தியே 196 அதிர்வில்தான் தொடங்குகிறது. அதாவது வயலின் தொடங்குகிற இடத்துக்குச் செல்லோ வந்து சேரும்போது அது தன் கடைசித் தந்தியை நெருங்கியிருக்கும். ஆண் குரலின் முழு வீச்சும் செல்லோவின் வீச்சுக்குள் அடங்கிவிடுவதால்தான், கேட்டவுடன் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பலருக்குத் தோன்றுகிறது. அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பி கருவி வழுக்காமலிருப்பதற்காக. அரங்கின் பளிங்குத் தரையில் அது வழுக்கிக்கொண்டே இருந்ததையும், கடைசியில் ஒரு மாணவர் தம் தோள்பையின் வாரைக் கழற்றி நாற்காலிக் காலில் கட்டிக்கொடுத்ததையும் முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: செவ்விசை என்றால் பாக், மொசார்ட், பீத்தோவன் என்றே படித்திருக்கிறேன். அவர்கள் எழுதி வைத்ததை வாசித்தால் போதாதா? இன்றும் உயிரோடு இருப்பவர்கள் புதிது புதிதாக எழுத வேண்டிய அவசியம் என்ன?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சேரன்மகாதேவி)

பதில்: ஐயா, மொசார்ட் காலத்து வியன்னாவில் யாராவது இதைக் கேட்டிருந்தால் அவரை விநோதமாகப் பார்த்திருப்பார்கள். அக்காலத்தில் கச்சேரிக்குப் போவது என்றால் பெரும்பாலும் உயிரோடு இருப்பவர் எழுதிய புது இசையைக் கேட்கப் போவதுதான். மறைந்தவர்களின் படைப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. மெண்டெல்சோன் என்ற இளைஞர் 1829 இல் பெர்லினில் பாக்கின் மத்தேயு பாடுகளை மீண்டும் அரங்கேற்றியதை அதன் முக்கியமான கட்டமாகச் சொல்வார்கள். அதன்பின் பழையவர்களுக்கான இடம் வளர்ந்துகொண்டே போய், இன்று எழுதுகிறவருக்கு நிகழ்ச்சியில் பத்து நிமிடம் கிடைப்பதே பெரிதாகிவிட்டது.

இரண்டாவது காரணம் இதைவிட அடிப்படையானது. நம் கச்சேரியில் பாட்டு பழையது என்றாலும், ஆலாபனையும் நிரவலும் கற்பனைச் சுரமும் அன்றன்றைக்குப் புதிதாகப் பிறக்கின்றன. ஒரே தோடியை ஆயிரம் முறை கேட்டாலும் ஆயிரமும் வெவ்வேறாக இருக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். மேற்கில் தாளில் எழுதப்பட்ட சுரத்தை வாசிப்பவர் மாற்றக் கூடாது. அவர் செய்யக்கூடிய மாற்றம் அழுத்தத்திலும் வேகத்திலும் நாதத்திலும் மட்டுமே அடங்கும். ஆகவே அங்கே புதுமை பேனாவிலிருந்துதான் வந்தாக வேண்டும். எழுதுவது நின்றால் அந்த மரபு வெறும் காட்சிசாலையாகிவிடும்.

இங்கும் இந்தப் புழுக்கம் இல்லாமல் இல்லை. எட்டயபுரத்துப் பாரதியே, எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அதே நாலைந்து கீர்த்தனங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்று சலித்து எழுதியிருக்கிறார். அவர் கேட்டது தமிழில் புதிய பாட்டு. மேற்கில் 20ஆம் நூற்றாண்டுக்காரர்கள் கேட்டது புதிய பாட்டை மட்டும் அல்ல, பாட்டு என்றால் என்ன என்பதையே. அந்த இடத்தில்தான் உங்களுக்கும் அந்தச் செல்லோ கலைஞருக்கும் தகராறு தொடங்குகிறது.

கேள்வி: நாங்கள் சிறுவயதிலிருந்தே சபைப் பாடகர் குழுவில் பாமாலைகளை ட்ரெபிள், ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலில் பாடி வளர்ந்தவர்கள். மேற்கத்திய இசை எங்களுக்குப் புதிதல்ல. அப்படியிருந்தும் அன்று கேட்டது காதில் நாராசமாக விழுந்தது. எங்களுக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும்?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: அம்மா, உங்களுக்குப் பழக்கம் இருப்பதனால்தான் அது அதிகம் உறுத்தியிருக்கிறது. நான்கு குரல் பாடலில் ஒவ்வொரு கார்டும் (chord, பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டொலி) அடுத்த கார்டுக்குக் கடன்பட்டிருக்கிறது. கடைசி அடியை நெருங்கும்போது ஒரு முரணான கூட்டொலி எழுந்தால், அடுத்த கணம் அது ச-வில் வந்து அமர்ந்துவிடும் என்று உங்கள் காது தானாகவே எதிர்பார்க்கும். இறுதியில் இழுத்துப் பாடும் 'ஆமென்' அந்தக் கடனைத் தீர்க்கும் இரண்டு கார்டுகள்தாம். பல தலைமுறைகளாக இப்படிப் பாடி வந்த ஊரில் இந்த எதிர்பார்ப்பு மூச்சைப் போல இயல்பாகிவிட்டது.

வியன்னாவின் இசையமைப்பாளர் அர்னால்ட் ஷேன்பெர்க் 1908 வாக்கில் இந்தக் கடனைத் திருப்பித் தர மறுத்தார். அவ்வாண்டு எழுதிய இரண்டாவது நால்வர் தந்தியிசையின் கடைசிப் பகுதியில், எது ஆதாரச் சுருதி என்று காட்டும் குறியையே அவர் போடவில்லை. முரணொலி வரும், ஆனால் தீராது. அது முரண் என்ற எண்ணமே மெல்லக் கரைந்து, தன்னளவில் நிற்கும் ஒரு நிறமாக ஒலிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1923 அளவில், பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் கோத்து, எதற்கும் தலைமை தராமல் எழுதும் முறையையும் அவர் வகுத்தார். அன்று செல்லோவில் கேட்ட இரண்டாவது படைப்பு அந்த வழியில் வந்ததுதான்.

நம் ஊரில் தம்புராவை மட்டும் கேட்டு வளர்ந்தவருக்கு இந்தக் கடன் கணக்கே தெரியாது. அவருக்கு வேறு குறை இருக்கும், ச எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். உங்கள் நிலையோ இன்னும் சிக்கலானது. இவ்வூரில் 1774 இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையை இராகத்தில் பாடிவிட்டு, அதே ஆராதனையில் ஆங்கிலேய மெட்டிலுள்ள பாமாலையை நான்கு குரலில் பாடும் காது உங்களுடையது. இரண்டு மரபுகளின் எதிர்பார்ப்பும் ஒரே நேரத்தில் ஏமாற்றப்பட்டால் எரிச்சல் இரட்டிப்பாகத்தான் இருக்கும். ஒரு வழி சொல்கிறேன். எஸ்டோனியாவைச் சேர்ந்த ஆர்வோ பேர்ட் என்பவர் 1977 இல் எழுதிய 'ஃப்ராட்ரெஸ்' என்ற படைப்பின் செல்லோ, பியானோ வடிவத்தைக் கேளுங்கள். அதுவும் நம் காலத்து இசைதான். ஆனால் அதில் ஆதாரச் சுருதி அசையாமல் நிற்கும், பாமாலையின் மெதுவான நடையும் இருக்கும். அங்கிருந்து ஷேன்பெர்க்கிடம் போவது எளிது; நேரே அவரிடம் போய் நின்றால் கதவு திறக்காது.

கேள்வி: அண்ணாச்சி, வெளிப்படையாகவே கேட்கிறேன். வில்லைத் தந்தியில் வைத்து அழுத்தி 'கர்ர்ர்' என்று இழுத்தார், கட்டையைத் தட்டினார், விரலால் தந்தியைத் தேய்த்தார். என் பையன், 'இதை நானும் செய்வேன், எனக்கும் மேடை கொடுப்பார்களா?' என்று கேட்கிறான். நான் என்ன பதில் சொல்ல?
(வாசகர், கடையநல்லூர்)

பதில்: தம்பி, முதலில் பையனிடம், ஒரு முறை செய்ததை அப்படியே இரண்டாம் முறையும் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் வாசித்தது ஹெல்முட் லாகன்மான் என்ற ஜெர்மானியர் 1969 இல் எழுதிய 'பிரெஸ்ஸியோன்'. அழுத்தம் என்று பொருள். வழக்கமான இசைத்தாளில் எந்தச் சுரம் ஒலிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். இந்தத் தாளிலோ கருவியின் எந்த இடத்தில் கை இருக்க வேண்டும், எந்தத் திசையில் நகர வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதே பெரிதும் எழுதப்பட்டிருக்கிறது. அதாவது காதில் விழ வேண்டியது அல்ல, கை செய்ய வேண்டியது.

இதன் பின்னால் உள்ள ஒலியியலைத் தெரிந்துகொண்டால் அந்தக் 'கர்ர்ர்' வேறாகக் கேட்கும். வில்லின் மயிர் தந்தியைப் பற்றி இழுக்கிறது, ஓர் எல்லை வந்ததும் தந்தி நழுவித் திரும்புகிறது, மறுபடி பற்றுகிறது. அடித்தந்தியில் இது வினாடிக்கு 65 முறை தவறாமல் நடந்தால்தான் நமக்கு ஒரு சுத்தமான சுரம் கேட்கும். இந்த இயக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் கண்டு விளக்கினார். வில்லின் அழுத்தத்தைக் கூட்டி வேகத்தைக் குறைத்தால், தந்தி நழுவ வேண்டிய நேரத்தில் நழுவாது, ஒழுங்கு குலையும், சுரம் உடைந்து இரைச்சலாகும். ஆகச் சுரத்துக்கும் இரைச்சலுக்கும் இடையே இருப்பது சுவர் அல்ல, சில கிராம் அழுத்தம்தான். அந்த எல்லைக்கோட்டின் மீதே எட்டு ஒன்பது நிமிடம் நடப்பதுதான் அந்தப் படைப்பு. அவருடைய வலக்கையைக் கவனித்தீர்களா? சுட்டுவிரலின் நகம் வெளுக்கும் அளவுக்கு வில்லை அழுத்திக்கொண்டே, மணிக்கட்டை மட்டும் தளர்த்தி வைத்திருந்தார். இரைச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்து, ஓரிடத்தில் திடீரென்று ஒரே ஒரு சுத்தமான சுரம் எழுந்தபோது அரங்கில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சாதாரணக் கச்சேரியில் அந்தச் சுரத்தை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

உங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாவில் கணியான் கூத்து நடந்தால் நள்ளிரவுக்கு மேல் போய், மகுடம் என்ற தோல்கருவியை வாசிப்பவர்கள் அருகில் நின்று பாருங்கள். பனியில் தோல் தளர்ந்ததும் ஓரமாக மூட்டிய தீயில் காட்டி இறுக்கிக்கொண்டு வந்து, உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்களையும் ஒத்துப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அங்கே நிற்பவர்கள் மெட்டுக்குக் காத்திருப்பதில்லை. தோலின் குரலைத்தான் கேட்கிறார்கள். அதனால் கணியான் கூத்தும் லாகன்மானும் ஒன்று என்று யாரும் எழுதி அனுப்ப வேண்டாம். அது சுடலைமாடனுக்குரிய சடங்கு, இது இசைப் பெருமரபு ஒன்றோடு அதன் உள்ளிருந்தே போடுகிற சண்டை. மெட்டு இல்லாத இடத்திலும் கேட்பதற்கு ஏதோ இருக்கிறது என்பது உங்கள் காதுக்கு ஏற்கெனவே தெரியும் என்று மட்டுமே சொல்ல வருகிறேன். மற்றபடி 'பிரெஸ்ஸியோன்' எனக்கு நெருக்கமான படைப்பு அல்ல. மதிக்கிறேன்; மறுபடி கேட்கவும் செய்வேன்; ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேடிப்போய்க் கேட்க மாட்டேன். பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கும் முழு உரிமை உண்டு. யாரும் செய்யலாம் என்று சொல்லத்தான் உரிமை இல்லை.

கேள்வி: மெஸ்ஸியான் என்ற பிரெஞ்சுக்காரர் நம் தாளங்களை எடுத்துக்கொண்டார் என்று அவர் சொன்னதைக் கேட்டுப் பெருமையாக இருந்தது. மேற்கத்தியப் புது இசையே நம்மிடமிருந்து போனதுதான் என்று கொள்ளலாமா?
(மிருதங்க மாணவர், ஆழ்வார்குறிச்சி)

பதில்: கொள்ளக் கூடாது. ஆனால் நடந்த கதை அந்தப் பெருமையைவிடச் சுவையானது. ஒலிவியே மெஸ்ஸியான் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, கோர்லிட்ஸ் நகரத்துப் போர்க்கைதி முகாமில் இருந்தார். அங்கே அகப்பட்ட கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ ஆகிய நான்கு கருவிகளுக்கு அவர் எழுதிய 'காலத்தின் முடிவுக்கான நால்வரிசை' 1941 ஜனவரி 15 அன்று கைதிகள் முன்னிலையில் அரங்கேறியது. அன்று செல்லோவில் மூன்று தந்திகளே இருந்தன என்று மெஸ்ஸியான் பிற்காலத்தில் சொல்வதுண்டு. அதை வாசித்த பாஸ்கியே, நான்கும் இருந்தன என்று மறுத்திருக்கிறார். நான் வாசித்தவரைத்தான் நம்புவேன்.

அதன் முதல் பகுதியில் உங்களுக்கான கணக்கு இருக்கிறது. பியானோவுக்கு 17 கால அளவுகள் கொண்ட ஒரு வரிசை. 13ஆம் நூற்றாண்டு இசை நூலாசிரியர் சார்ங்கதேவர் தொகுத்த 120 தேசித் தாளங்களில் ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்றை அடுத்தடுத்து வைத்துக் கட்டியது. அதன் மேல் 29 கார்டுகள் கொண்ட இன்னொரு வரிசை சுழல்கிறது. 17, 29 இரண்டும் பகா எண்கள். எனவே இரண்டும் ஒன்றாகத் தொடக்கத்துக்குத் திரும்ப 493 கார்டுகள் வாசிக்க வேண்டும். அதற்கு வெகுமுன்பே அந்தப் பகுதி முடிந்துவிடுகிறது. செல்லோவுக்கோ ஐந்தே சுரம், 15 கால அளவு. மூன்று சுற்றில் சரியாகக் கூடிவிடும். அந்த ஐந்து சுரங்களையும் தந்தியை அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் விரலை வைத்து, விசிலைப் போன்ற மெல்லிய மேலொலியாக எழுப்ப வேண்டும். அன்று நம் செல்லோ கலைஞர் தனியாக வாசித்துக் காட்டியது அதைத்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மெஸ்ஸியான் இத்தாளங்களை எந்த வித்வானிடமும் கற்கவில்லை. பாரிஸில் வெளியான ஒரு கலைக்களஞ்சியத்தில் அச்சிட்டிருந்த பட்டியலிலிருந்து எடுத்தார். ஆகவே அவற்றில் தட்டும் வீச்சும் இல்லை, சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கும் இடத்துக்கு, வந்து சேரும் ஆனந்தமும் இல்லை. நமக்குத் தாளம் என்பது திரும்பி வருவது. அவருக்கு அது திரும்பி வராமலே நீளக்கூடிய ஒரு வரிசை. காலமே முடிவுக்கு வருவதைச் சொல்லும் படைப்புக்கு அதுதான் தேவைப்பட்டது. நம் பொருளை அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்றும் சொல்லலாம். அந்தத் தவறு இல்லாவிட்டால் அந்த இசை இல்லை என்றும் சொல்லலாம். முறையாகக் கற்றவர்கள் பிறகு வந்தார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி, இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிராண் நாத்திடம் நெடுநாள் சீடராக இருந்தார். இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் 1960களில் பாரிஸில் ரவிசங்கருக்கு உதவியாளராக இருந்து அவர் இசையை மேற்கத்தியக் குறியீட்டில் எழுதிக்கொடுத்தார். கிளாஸ் பின்னாளில் காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்வைக் கொண்டு இயற்றிய இசை நாடகம் 1980 இல் அரங்கேறியது. அதன் பாடல் வரிகள் பகவத் கீதையின் சமஸ்கிருதச் சுலோகங்களே.

கேள்வி: வயலினை நம் இசை தனதாக்கிக்கொண்டது. செல்லோவை ஏன் ஏற்கவில்லை?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்தது பொருத்தமே. சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர், பிறகு உங்களுக்குப் பக்கத்து எட்டயபுரத்தில்தான் சமஸ்தான வித்வானாக இருந்தார். அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் 1835 இல் மறைந்ததும் அங்கேதான். அந்தக் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர், மேற்கத்திய இசைக்குறியீட்டில் தேர்ந்த சின்னசாமி முதலியாரின் தூண்டுதலால், கமகங்களுக்குத் தனிக் குறிகள் வகுத்து எழுதிய பெருநூல் 1904 இல் எட்டயபுரத்திலேயே அச்சானது. மேற்கும் நாமும் இசையில் சந்தித்த இடங்களில் கரிசல் மண்ணும் ஒன்று என்பதை வெளியூர்க்காரர்கள் சொல்லி நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

செல்லோ வராததற்குக் காரணம் வெறுப்பு அல்ல, வசதிதான். பக்கவாத்தியக்காரர் பாடகரின் நிழலாகப் போக வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கருவியின் தலையைக் கணுக்காலில் தாங்கி, இடக்கையைத் தந்தி முழுவதும் வழுக்க விடுவதற்கு வயலின் இடம் கொடுத்தது. செல்லோவோ நாற்காலியைக் கேட்கிறது. அதன் தந்தி நீளம் என்பதால் இரண்டு சுரங்களுக்கிடையே விரல் கடக்க வேண்டிய தூரமும் அதிகம். விரைவான பிருகாக்களைப் பிடிப்பது கடினம். ஒலியும் பெண் குரலுக்கு வெகு கீழே நின்று, மிருதங்கத்தின் தொப்பியோடு மோதும். வடக்கே சிலர் இந்தத் தடைகளைத் தாண்டியிருக்கிறார்கள். நான்சி லெஷ் செல்லோவில் துருபத் என்ற பழைய வட இந்திய இசைப்பாணியை வாசிக்கிறார். டெல்லியில் வாழும் சாஸ்கியா ராவ் தெ ஹாஸ், தரையில் உட்கார்ந்து வாசிக்கும்படி கருவியையே மாற்றி, அனுநாதத் தந்திகளும் சேர்த்திருக்கிறார். ஆலாபனை மெதுவாக விரியும் அந்த மரபுக்கு இக்கருவி நன்றாகவே பொருந்துகிறது. தமிழ்நாட்டிலும் செல்லோவைக் கேட்காதவர் யாரும் இல்லை. திரைப்படத்தில் தாய் கண்கலங்கும் இடங்களில் வயலின்களுக்கு அடியில் ஓடுவது பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: கால் சுரம் (முழுச் சுர இடைவெளியில் நாலில் ஒரு பங்கு) பற்றிப் பேசியபோது அவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரரான ஆபிரகாம் பண்டிதரைக் குறிப்பிடவே இல்லையே? இது மறதியா, அலட்சியமா?
(வாசகர், சுரண்டை)

பதில்: இரண்டும் அல்ல என்று நினைக்கிறேன், அவர் வேறு வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாம்பவர்வடகரையில் 1859 இல் பிறந்த பண்டிதர், 1917 இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில், ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 என்ற வழக்கை மறுத்து, 24 என்று கணக்கிட்டுக் காட்டினார். சற்றேறக்குறைய அதே காலத்தில் செக் நாட்டு அலோய்ஸ் ஹாபா, ஸ்தாயியை 24 ஆகப் பகுத்து எழுதத் தொடங்கி, 1931 இல் முழுக்கக் கால் சுரத்திலேயே ஓர் இசை நாடகத்தை அரங்கேற்றினார். எண் ஒன்றாக இருப்பதால் இருவரையும் இணைக்க ஆசை எழுவது இயல்பு. ஆனால் பண்டிதர் சிலப்பதிகாரத்தின் பாலைகள் என்ற பழைய சுர அமைப்புகளில் ஏற்கெனவே இருந்ததை மீட்டெடுப்பதாகச் சொன்னார். ஹாபா இதுவரை இல்லாததைச் செய்வதாகச் சொன்னார். பண்டிதரின் கணக்கை ஏற்காத அறிஞர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அடுத்த முறை யாராவது வந்தால் அந்த நூலைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசச் சொல்லலாம். தடிமனைப் பார்த்துப் பயந்துவிடாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: மைக் வேண்டாம் என்றார், மின்விசிறிகளையும் நிறுத்தச் சொன்னார். புழுக்கத்தில் வெந்துபோனோம். இவ்வளவு கெடுபிடி தேவையா?
(வாசகர், மேலப்பாளையம்)

பதில்: தேவைதான். விசிறி ஓடும் அரங்கில் மெஸ்ஸியானின் மேலொலியைக் கேட்டிருக்கவே முடியாது. ஆனால் நிகழ்ச்சியைப் பகல் மூன்று மணிக்கு வைத்தவர்களை நீங்கள் திட்டினால் நானும் சேர்ந்துகொள்வேன்.

கேள்வி: இவற்றை வீட்டில் கேட்டுப் பழக விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது? யூடியூபில் தேடினால் தலை சுற்றுகிறது.
(வாசகி, விக்கிரமசிங்கபுரம்)

பதில்: எதிலிருந்து என்பதற்கு முன் எதில் என்று பாருங்கள். செல்போனின் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். 65 அதிர்வுள்ள அடித்தந்தியை அந்தச் சிறு பெட்டியால் எழுப்ப முடியாது. மேலே உள்ள கிளையொலிகளைக் கொண்டு மூளை ஊகித்துக்கொள்வதைத்தான் நீங்கள் கேட்பீர்கள். நல்ல இயர்போன் ஒன்று போதும்.

பிறகு, பாக் 1720 வாக்கில் தனிச் செல்லோவுக்கு எழுதிய ஆறு தொகுப்புகளில் முதலாவதைக் கேளுங்கள். பார்சிலோனாவில் பழைய கடை ஒன்றில் பின்னாளில் செல்லோ மேதையான பாப்லோ காசல்ஸ் சிறுவனாக அவற்றின் அச்சுப் பிரதியைக் கண்டெடுத்து, பல்லாண்டு பயின்ற பிறகே மேடையேற்றினார். அடுத்து, அவற்றை மனத்தில் கொண்டு ஆங்கிலேயரான பெஞ்சமின் பிரிட்டன் 1964 இல் ரஷ்யச் செல்லோ கலைஞர் ரொஸ்த்ரோபோவிச்சுக்காக எழுதிய முதல் தொகுப்பு. அதன்பின் மெஸ்ஸியானின் நால்வரிசையில் ஐந்தாம் பகுதி. செல்லோவும் பியானோவும் மட்டும், மிக மெதுவாக, மெட்டு தேடுகிறவரையும் கைவிடாமல் போகும். இவை பழகியபின் ஃபின்லாந்தின் காயா சாரியாகோ 2000 இல் எழுதிய 'ஏழு வண்ணத்துப்பூச்சிகள்'. அதில் சுரத்தைவிட வில் எங்கே நிற்கிறது என்பதையே கவனியுங்கள்: தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அருகே போனால் ஒலி கண்ணாடித் தூளாகும், விரற்பலகைப் பக்கம் வந்தால் மூச்சாகும். அந்த ஏழு பகுதிகளில் ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்காமல், ஒன்றையே ஒரு வாரம் கேளுங்கள். சமையலறையில் ஓடவிட்டுக்கொண்டு கேட்கும் இசை இதில் எதுவும் இல்லை; கையில் வேலை இருந்தால் கீர்த்தனையோ இளையராஜாவோ போதும்.

கேள்வி: எங்கே கைதட்டுவது என்றே தெரியவில்லை. நடுவில் தட்டியவர்களைச் சிலர் முறைத்தார்கள். இதற்கு விதி உண்டா?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: ஒரு படைப்பு முழுவதும் முடிந்து, வாசித்தவர் வில்லைத் தாழ்த்திய பிறகு தட்டுவது இன்றைய வழக்கம். இதுவும் பிற்காலத்தில் வந்ததுதான். மொசார்ட் காலத்து ரசிகர்கள் நடுவிலேயே தட்டினார்கள், அவரும் மகிழ்ந்தார். முறைத்தவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

கைதட்டலே கூடாது என்று விதித்தவரும் ஒருவர் இருந்தார். ஷேன்பெர்க் 1918 இல் வியன்னாவில் புது இசைக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அங்கே கைதட்டவும் கூடாது, கூச்சலிடவும் கூடாது. பத்திரிகை விமரிசகர்களுக்கு அனுமதி இல்லை. அன்று என்ன வாசிப்பார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். கடினமான படைப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். இதில் கடைசி விதியை மட்டும் நம் ஊரில் கடன் வாங்கலாம் என்பது என் யோசனை. 'பிரெஸ்ஸியோன்' முடிந்து, அவர் விளக்கிப் பேசிய பிறகு, அதையே இன்னொரு முறை வாசித்திருந்தால் கோபக் கடிதங்களில் பாதியாவது குறைந்திருக்கும். அதற்கு நேரம் இல்லை என்று அமைப்பாளர்கள் சொல்கிறார்கள். பொன்னாடை போர்த்தும் படலத்துக்கு அரைமணி நேரம் இருந்தது. அந்த விஷயத்தில் ஷேன்பெர்க்கே நேரில் வந்து தடை விதித்தாலும் திருநெல்வேலியில் செல்லுபடியாகியிருக்காது.